மெத்தை இருக்கிறது என்று சொல்பவன்

மூன்றாம் மாடியின் விளிம்பில் என் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். கீழே எட்டு மெத்தை, ஒரு கேமரா, வாயைப் பொத்திக்கொண்டு நாற்பது பேர். அந்த நாற்பதில் நானும் ஒருவன்.

ஊமைப்படக் காலத்தில் அவன் ஓடும் ரயிலிலிருந்து குதிரைமேல் பதினேழு தடவை குதித்தவன். பதினெட்டாவது தடவை குதிரை லீவு கேட்டது. நம்பாதவர்கள் குதிரையையே விசாரித்துக்கொள்ளலாம். ஊமைப்படம் என்றுதான் பெயர்; எடுக்கிற இடம் சந்தைக்கடை. பக்கத்து செட்டில் தச்சர் ஆணி அடிப்பார், நான் தகரக் குழாயை வாயில் வைத்து, "ஓடு, திரும்பு, குதிடா" என்று கத்துவேன். வீரன் குனிந்து பார்க்கக் கூடாது. தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால் மெத்தை சரியாகக் கிடக்கிறதா என்பது அவனுக்குத் தெரியாது. நான் "குதி" என்றால் மெத்தை இருக்கிறது என்று அர்த்தம். ஜனங்கள் அதைத் தைரியம் என்று கைதட்டினார்கள்.

பேசும் படம் வந்தது. யாரும் மூச்சு விடக் கூடாது. பத்து வரை எண்ணிவிட்டுக் குதிக்கச் சொன்னார் டைரக்டர்.

"நீங்க சொல்லாம எப்படி மாமா?" என்றான் மச்சினன்.

"பத்து எண்ணத் தெரியாதா உனக்கு?"

"எண்ணத் தெரியும். பத்துல மெத்தை இருக்கான்னு தெரியாதே."

இரண்டு தடவை எண்ணினான், இரண்டு தடவையும் நின்றான். மூன்றாவதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்ட டைரக்டர், "உனக்கு நிரந்தர வேலை போட்டாச்சு. வாய் மட்டும் திறந்துடாதே" என்றார்.

கேமரா ஓடியது. அவன் உதடு அசைவது தெரிந்தது. பத்து தாண்டிப் பதினைந்தும் ஆகியிருக்கும். பிறகு பதினொரு வருடத்தில் செய்யாததைச் செய்தான்: குனிந்து என்னைப் பார்த்தான். மெத்தையைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை போதும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் செருப்பு.

அவன் குதிக்கவில்லை. அந்த வேடத்தை நல்ல குரல் உள்ள ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கே ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்த நிரந்தர வேலை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் "சைலன்ஸ்" என்று கத்துவது. முப்பது வருடம் கத்தினேன். அவ்வளவு பெரிய தொண்டை அந்தக் கம்பெனியிலேயே இல்லை என்று விருதுகூடக் கொடுத்தார்கள்.

மச்சினன் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். ஸ்டுடியோ விளக்குகள் தின்றதுபோக மிச்சமிருக்கும் பார்வை சுவர் எது, கதவு எது என்று சொல்வதோடு சரி. ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

"அன்னிக்கு மெத்தை இருந்துச்சா மாமா?"

"எட்டு இருந்துச்சு."

"நல்ல மெத்தையா?"

"ம்."

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தினமும் சாயங்காலம் மாடிப்படி இறங்கி வருவான். கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிடுவான். முகவாய் நிமிர்ந்திருக்கும், கண் தூரத்தில்.

"நிக்கிறான் பாருங்க, சொல்லித் தொலைங்களேன்" என்பாள் என் மனைவி சமையலறையிலிருந்து.

நான் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். அவன் ஒரு காலைத் தூக்கி, காற்றில் வைத்தபடி நிற்கிறான்.