சொல்லாத மூன்று ஊசிகள்

தொழிற்சாலையில் எனக்குப் பின்னால் என்னை ‘சந்தேகப் பிராணி’ என்பார்கள். சொல்லட்டும். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்துக் கடைசியாகச் சரிபார்த்து அனுப்புகிற வேலை என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள் அங்கே இரண்டு நாள் தாக்குப்பிடிக்க மாட்டாள். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்களையும் நான் சும்மா விடுவதில்லை. நல்ல சட்டைகளுக்கு நடுவே, பொத்தான் துளை கிழிந்த ஒன்றை வேண்டுமென்றே சொருகி வைப்பேன். கண்டுபிடிக்கிறவள் தப்பித்தாள்; மற்றவளுக்கு அன்று முழுக்க அர்ச்சனைதான்.

எட்டு மணி நேரமும் நின்றே செய்ய வேண்டிய வேலை. ஒன்றரை வருடமாக வலது இடுப்பின் வெளிப்பக்கம் வலி. எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, தசையை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் தசைநார் நைந்துபோயிருக்கிறது என்றார்கள். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மாடிப்படி ஏறினால் உயிர் போய் உயிர் வரும். பயிற்சியும் செய்து பார்த்தாயிற்று. தெருமுனை கிளினிக்கில் மூன்று முறை ஸ்டீராய்டு ஊசியும் போட்டாயிற்று. கடைசி ஊசி போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மேலாளர் ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் பழையபடி நிற்க முடியாவிட்டால், உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும் பகுதிக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருடம் நின்ற மேசையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிதாகக் கிழிக்காமல் சரிசெய்ய இரண்டு வழிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களிடம் போனேன். முதலில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போன்ற ஒரு கருவியை உள்ளே விட்டு, கெட்டுப்போன பகுதியை மட்டும் அதிரவைத்து உடைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார். அவரிடம் மூன்று ஊசிகளைப் பற்றியும் சொன்னேன். அப்படியென்றால் மூன்று மாதமாவது போகட்டும், பிறகு வாருங்கள் என்றார். அந்தக் கருவி இன்னும் அவர் கைக்கே வந்து சேரவில்லையோ, அதற்குத்தான் நாள் கடத்துகிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாமவர் வயதானவர். வெறும் ஊசியால் தசைநாரில் பல இடங்களில் குத்திக் காயத்தைப் புதிதாக்கினால் உடம்பே அதை ஆற்றிக்கொள்ளும், கூடவே என் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழற்றி அதன் சாரத்தை அங்கே செலுத்தலாம் என்றார். பலன் தெரியச் சில மாதம் ஆகும், இரண்டு வழிகளில் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குச் சந்தேகம் கூடும். இதற்கு முன் இடுப்பில் ஊசி போட்டதுண்டா என்று கேட்டார். ஸ்கேனைப் பார்த்து அவரே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று, இல்லை என்றேன். பக்கத்தில் வீட்டுக்காரர் இருமினார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். டாக்டர் படங்களைப் புரட்டிவிட்டு, அடுத்த வாரமே செய்யலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கோடு கிழித்து, இரண்டு பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவர்.

“அந்தம்மாகிட்ட ஒண்ணு சொன்ன, இவர்கிட்ட வேற சொன்ன. அப்புறம் ரெண்டையும் வச்சு என்னத்தை ஒப்பிடுற?”

“அவரைச் சோதிச்சேன். கண்டுபிடிக்கலையே.”

“ஒயர்ல கரண்ட் இல்லன்னு நீ சொன்னா, நம்பி நான் கையை வைப்பேன். அப்போ ஷாக் அடிச்சா அது என் தப்பா?”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே அவர் சொன்னது சரி என்பதால்தான். சோதனை எல்லாம் அதற்குள் வெறும் சாக்காகிவிட்டது. எனக்கு அடுத்த வாரத் தேதி வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாள் வந்தது. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, இடுப்பில் மருந்து தடவித் துடைத்தார்கள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேம்மா. ஸ்டீராய்டு ஊசி எதுவும் போடலையே? அதால நார் பலமிழந்திருந்தா, நான் குத்துறதுல அறுந்தாலும் அறுந்துடும்.”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோலக் கிடந்தேன். அறுந்தால் எட்டு மணி நேரம் நிற்பது இருக்கட்டும், குளியலறைக்கு நடந்து போவதற்கே ஆள் வேண்டும்.

“மூணு போட்டிருக்கேன் டாக்டர். கடைசியா போட்டு நாலு வாரம்.”

அவர் திட்டவில்லை. ஊசியைத் தட்டில் வைத்தார், கையுறையைக் கழற்றினார். அவரும் மூன்று மாதம் பொறுக்கத்தான் சொன்னார். பிறகு நர்ஸிடம் சொல்லி வெளியே இருந்த வீட்டுக்காரரை உள்ளே வரச்சொன்னார்.

இடுப்பில் ஓரிடத்தை அழுத்தி, இங்கே வலிக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அவர் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க சார். வீட்ல இந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்களா?”

எந்தத் தேதியில் எந்த ஊசி, எத்தனை நாள் பயிற்சி செய்தேன், எப்போது விட்டேன் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்காரரிடமே கேட்டு எழுதிக்கொண்டார். நான் அங்கேயேதான் படுத்திருந்தேன். அந்த இடம் வலிக்கவில்லை என்று நான் சொன்னது உண்மைதான். அதை மட்டும் டாக்டர் எழுதவில்லை.