வலிக்குதான்னு கேட்டால்

அவள் தெரபிஸ்டாக வேலை பார்க்கும் பிசியோதெரபி மையத்துக்கு அன்று காலை முதலில் வந்தவள் அவளுடைய நாத்தனார். நாத்தனாரைப் பார்க்க வேண்டிய தெரபிஸ்ட் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்ததால் அந்த வேலை அவளிடம் வந்தது.

"வேற யாரும் இல்லையா?" என்று நாத்தனார் வரவேற்பில் கேட்டது திரைக்கு இந்தப் பக்கம் தெளிவாகவே விழுந்தது.

இருவரும் பேசி மூன்று வருடமாகிறது. மாமனார் இறந்த அன்று, வேலையிலிருந்து அவள் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. "ஊரார் காலையெல்லாம் புடிச்சுவிட நேரம் இருக்கு, சொந்த மாமனார் முகத்தைப் பாக்க நேரமில்ல" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நாத்தனார் சொன்னாள். அன்றோடு சரி. அதன்பிறகு நல்லது கெட்டது எதுவானாலும் நாத்தனாரின் அண்ணனான அவள் கணவன்தான் இருபக்கமும் சேதி சுமந்தான்.

நாத்தனார் பள்ளி வேன் ஓட்டுபவள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து, இடது தொடையின் பின்பக்கத் தசை முறுக்கிய கயிறு மாதிரி இறுகிவிட்டது. குனிந்து செருப்பு வாரைப் போட முடியவில்லை.

"குப்புறப் படுங்க" என்றாள். மற்ற நோயாளிகளிடம் சொல்லும் அதே குரல்.

முன்னங்கையால் தொடையை மேலிருந்து முழங்கால் மடிப்புவரை மெல்ல அழுத்தி இறக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினாள். பாதியிலேயே நின்றது.

"இப்ப?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

ஆனால் பாதத்தின் விரல்கள் சுருண்டன. வேறொருவர் என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பாள். இல்லை என்கிறாளே என்று இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

இரண்டு நாள் கழித்து நாத்தனார் நொண்டிக்கொண்டு வந்தாள். விடுப்பில் போனவர் திரும்பியிருந்தும், நேராக இந்தத் திரையை விலக்கினாள்.

"அண்ணி, குதிகால்வரைக்கும் விண்ணு விண்ணுன்னு இழுக்குது. கிளட்ச் மிதிக்க முடியல."

"அன்னிக்கே வலிச்சுதா?"

"உயிரே போச்சு."

"கேட்டேனே!"

"உங்ககிட்ட போய் வலிக்குதுன்னு சொல்றதா?"

சொல்லும்போதே நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"விரல் சுருண்டதைப் பாத்தேன். பாத்துட்டும் தூக்கினேன். தப்பு என்மேல. நீ இப்படி ஓரமா உக்காரு."

முதுகைக் கூனவைத்து, தலையைக் குனியச் சொல்லி, காலை நீட்டவைத்தாள். சுரீர் என்றது. தலையை மட்டும் நிமிர்த்தச் சொன்னாள். வலி பாதியாகக் குறைந்தது.

"தசை மட்டும் இல்ல, நரம்பும் சேந்து இழுக்குது. வம்படியா இழுத்தா இன்னும் முறுக்கிக்கும்."

"எங்க வீட்டு நரம்பாச்சே."

"அதான் தெரியுதே!"

வைத்தியம் மாறியது. இழுத்துப் பிடிக்கும் வேலையே இல்லை. முழங்காலை மடக்கி, வலி தொடங்குவதற்கு முன்புவரை நீட்டி, உடனே மடக்குவது. நரம்பு அடங்கியபின்தான் தசையைத் தொட்டாள். குதிகாலைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "லேசா என்னைத் தள்ளு. விடுன்னதும் விட்டுடு. தசை தளர்ற நேரத்துல நான் கொஞ்சம் மேல தூக்குறேன்" என்றாள்.

நாத்தனார் தள்ளிய வேகத்தில் அவள் தடுமாறிப் போய்ச் சுவரில் முட்டினாள்.

"என்ன சத்தம்?" என்றது பக்கத்து அறை.

"குடும்ப விஷயம்!" என்றாள் நாத்தனார். இருவரும் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள்.

ஒருநாள் குப்புறப் படுத்து முகத்தைத் தலையணையில் புதைத்திருந்தபோது நாத்தனார் சொன்னாள்: "கடைசியா அப்பா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார். பக்கத்துல நான் உக்காந்திருக்கேன், என்னைக் கேக்கல. அந்த ஆத்திரம் அண்ணி."

அவள் கை நின்றது.

"போனை லாக்கர்ல வச்சுட்டு வேலை பாத்துட்டிருந்தேன். நீ கூப்பிட்டதே சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டியா?"

அவள் மீண்டும் தொடையை அழுத்தத் தொடங்கினாள். "வலிக்குதா?" என்றதற்கு, "ஆமா, அங்கதான். மெதுவா" என்று பதில் வந்தது.

கால் இன்னும் முழுதாக நேராகவில்லை. ஆனால் கிளட்சை மிதிக்க முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வேனோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்த அண்ணன், வழக்கம்போல, "என்ன சொல்லணும் அவகிட்ட?" என்று கேட்டான்.

"நீ தள்ளு, நானே சொல்லிக்கிறேன்" என்று அவனை விலக்கிக்கொண்டு நாத்தனார் உள்ளே போனாள்.