இரண்டு விநாடி அதிகம்

டென்டாயை மஜோக் இதுவரை முப்பத்தொரு தடவை முத்தமிட்டிருக்கிறான். எல்லாமே இருநூறு பேர் முன்னிலையில். மேடையை விட்டு இறங்கினால், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கக்கூட அவனுக்கு நாக்கு எழாது.

மெல்பர்னில் ஒரு சின்ன அரங்கு. நாடகம், முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் இரண்டு கறுப்பின ஆண்களின் காதல் கதை. ஒருவனாக நடிப்பது, தென் சூடானில் பிறந்து மெல்பர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் வளர்ந்த மஜோக். மற்றவனாக, சிம்பாப்வேயிலிருந்து வந்து சிட்னியில் குடியேறிய டென்டாய். முத்தத்துக்கும் சட்டம் உண்டு: மூன்று விநாடி. டென்டாய் இரண்டு விரலால் மஜோக்கின் பிடரியில் தட்டியதும் அவன் விலக வேண்டும். அந்த மூன்று விநாடியில் மட்டும் மஜோக் நடிப்பதில்லை. மற்ற நேரமெல்லாம், தனியே சமைத்துத் தனியே தின்னும் வீட்டில்கூட, சந்தோசமாக இருப்பதாக நடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை கடைசிக் காட்சி. ஞாயிறு டென்டாய் சிட்னிக்குப் பறந்துவிடுவான்.

மேடை முகாமையாளர் கமலினி யாழ்ப்பாணத்துக்காரி. குழுவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். காட்சி முடிந்ததும் நடந்த பிழைகளை எழுதி எல்லாருக்கும் அனுப்புவாள். வெள்ளிக்கிழமை அறிக்கையை மஜோக் ட்ராமில் இருந்து படித்தான். ‘இடப்பக்க விளக்கு தாமதம். முத்தம் இரண்டு விநாடி அதிகம்.’

அவனுக்குக் காது சுட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தான் பாவி; அக்கா வந்து சோற்றைக் கிளறிவிட்டாள்.

தினமும் காட்சிக்கு முன் முத்தத்தை ஒரு தடவை மெதுவாக ஒத்திகை பார்ப்பது வழக்கம். சனிக்கிழமை மஜோக் முந்திக்கொண்டான்.

“நேற்று என்ர பிழை, அக்கா. இனி நடக்காது.”

“உன்ர பிழையோ?” கமலினி கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். “பிடரியில தட்டி முடிக்கிறது ஆர், நீயோ?”

மஜோக் திரும்பினான். இருநூறு பேருக்கு அசராத டென்டாய் குனிந்து சப்பாத்துக் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தான். அது கயிறில்லாத சப்பாத்து.

“கை மறந்துபோச்சு,” என்றான்.

“முந்தநாள் ஒரு செக்கன் மறந்தது. அதுக்கு முதல் நாள் அரைச் செக்கன். போனாப் போகுதெண்டு எழுதேல்லை,” என்ற கமலினி, ஏற்கெனவே பார்த்து முடித்த விளக்குகளைத் திரும்பப் பார்க்கப் போனாள்.

மேடையில் இருவர் மட்டும்.

“இங்க எண்டால் நீ விலகமாட்டாய். அப்பிடித்தான் எழுதியிருக்கு,” என்றான் டென்டாய். “வெளிய கேட்டு, நீ விலகிட்டால்?”

இத்தனை நாளும் மஜோக் தனக்கு மட்டும்தான் இந்தப் பயம் என்றல்லவா நினைத்திருந்தான்.

“கேட்டுப் பார்.”

டென்டாய் நிமிர்ந்தான். “நாளைக்கு என்னோட எயார்போட் வரைக்கும் வாறியா?”

“என்னட்டக் கார் இல்லை.”

“ட்ரெயினில போவம்.”

மெல்பர்னில் விமான நிலையத்துக்கு ரயிலே கிடையாது. சிட்னிக்காரனுக்கு அது தெரியவில்லை.

“ஓம்,” என்றான் மஜோக். “ட்ரெயினிலயே போவம்.”