குப்பையில் சேராத காகிதம்

அரசாங்க அச்சு வேலை வேண்டுமென்றால் காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக் காகிதத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது அச்சகக்காரர் அசரவில்லை. கட்டிங் மிஷின் கழித்த ஓரங்கள், மை அப்பிப் பாழான தாள்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆலைக்கு அனுப்பி, புதுக் காகிதமாகத் திரும்ப வாங்கி அடுக்கிவிட்டார். இதைவிட யோக்கியமாக எவன் செய்வான்? பாடப்புத்தக வேலை கைநழுவினால் அச்சகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் சோதனைக்கு வந்த அதிகாரியம்மாவை வாசலுக்கே ஓடிப்போய் வரவேற்றார்.

அந்தம்மா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது குப்பையில சேராதுங்க."

"குப்பைக்கூடையிலேருந்துதான் மேடம் அள்ளினேன்!"

"ஜனங்க பயன்படுத்தித் தூக்கிப் போட்டதா இருக்கணும். இதை யாரும் பயன்படுத்தவே இல்லையே."

அச்சகக்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. உபயோகமில்லாததால்தானே அது குப்பை?

பைண்டிங் மேசையில் தாள் மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "அப்போ யாராவது அதுல ரெண்டு வரி கிறுக்கிப் போட்டா?"

"வெளியாள் கிறுக்கினா சேரும்... நீங்க கிறுக்கினா..." அதிகாரியம்மாவுக்கே குழம்பியது. பாழான தாள் ஒன்றை எடுத்து அச்சகம், ஆலை, ஜனங்கள் என்று எழுதி அம்புக்குறி போட்டார். அம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. எரிச்சலோடு கசக்கிக் கூடையில் போட்டார்.

மூன்று பேரும் கூடையைப் பார்த்தார்கள்.

"மேடம், இது?" என்றார் அச்சகக்காரர் மெல்ல.

"இது... சேரும்."

"உங்க ஆபீஸ்ல இப்படி நிறைய தூக்கிப் போடுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"அதை ஏன் கேக்கறீங்க! மூட்டை மூட்டையா."

மறுநாளே பாழான தாள்கள் அந்த அலுவலகத்துக்குக் கிறுக்குவதற்கென்று இலவசமாகப் போயின. கசங்கித் திரும்பி வந்தன, ஆலைக்குப் போயின, காகிதமாகி வந்தன. அதிகாரியம்மா கையெழுத்துப் போட்டார். பாடப்புத்தக வேலை நிலைத்தது.

மிஷின் ஓடியபோது அச்சகக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் குழப்பம் மட்டும் விட்டபாடில்லை.

"ஏம்மா, அதே தாள், அதே மை, அதே ஆலை. நம்ம குப்பை எப்போ குப்பையாச்சு?"

மனைவி தாளை மடித்தபடியே சொன்னாள்: "அரசாங்க ஆபீசுக்குப் போயிட்டு வந்தப்போ."