சுடிதாரில் வந்த சப்-இன்ஸ்பெக்டர்

பருத்திப்பட்டு ஏரியோரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், ஜம்புலிங்கத்தின் இஸ்திரிப் பெட்டி காலை ஏழு மணிக்கே சூடாகிவிட்டது. கரி கனன்றதே தவிர, தேய்க்க ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. பத்து நாளாக இதே கதிதான்.

மூன்றாவது மாடி சுலோசனாவின் தங்க வளையல் காணாமல் போன அன்று, தேய்த்த துணியைக் கொடுக்க மேலே போய் வந்தவர் இவர். அது போதாதா? சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பிரியா, எல்லோரும் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் ஜீப்போடு வந்து, தெருவே பார்க்க இவரைக் கைது செய்து ஏற்றிக்கொண்டு போனார். மறுநாளே வளையல் சுலோசனா வீட்டு வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது. "சரி, கிளம்புய்யா" என்று அனுப்பிவிட்டார்கள். வெட்கத்தில் சுலோசனாவும் வெளியே மூச்சு விடவில்லை. பாவம், பதினைந்து வருஷமாக அந்த வாசலில் நிற்கும் மனுஷன். இப்போது முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

அன்று மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், சுடிதார் அணிந்த ஒரு பெண் இஸ்திரி வண்டி அருகே வந்து நின்றார். கிருஷ்ணப்பிரியா என்று தெரிந்ததும் ஜம்புலிங்கம் இரண்டடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்கண்ணே. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். சரியா விசாரிக்காம உங்களக் கூட்டிட்டுப் போனது என் தப்பு. மனசே சரியில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. ஜம்புலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது.

"நல்லா இரும்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இட்டுகினு போறச்சே யூனிபார்ம்ல வந்த, ஊரே பாத்துச்சு. மன்னிப்ப மட்டும் யாருமில்லாதப்போ சுடிதார்ல வந்து கேக்கறியே. எனுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமாம்மா? என் சம்சாரம் ஊட்ட விட்டு வெளிய வரமாட்டேங்குது."

கிருஷ்ணப்பிரியா திரும்பிப் போய்விட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று ஜம்புலிங்கம் பயந்துபோனார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, ஆபீஸ் போகிறவர்கள் வாசலில் நின்றிருக்கும்போது, ஜீப் வந்தது. காக்கிச் சீருடையில் இறங்கினார் கிருஷ்ணப்பிரியா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இவர் எதையும் திருடல. நான்தான் தப்பா கைது பண்ணிட்டேன். அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."

ஜம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து சுலோசனா தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"வளையல் கெடைச்ச அன்னைக்கே நான் நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கணும். தப்புதாண்ணே."

ஜீப் ஓட்டிவந்த காவலர் கோபி முணுமுணுத்தார்: "மேடம், இப்படித் தெருவுல நின்னு சொன்னா நம்ம மரியாதை இன்னாத்துக்கு ஆவறது?"

"காக்கி போட்டுக்கிட்டு செஞ்ச தப்ப, காக்கி போட்டுக்கிட்டே ஒத்துக்கணும் கோபி. அப்பதான் நாளைக்கு நாம சொல்றத ஜனங்க நம்புவாங்க."