இருபத்தேழாம் எண் மெட்டு

ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் பதினோராவது வாரம் முடிந்ததும் இசையமைப்பாளர் உன்னோ நாகிசா ரிமோட்டைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள்.

"வரலையா?" என்றான் கணவன் தெப்பெய், வேகவைத்த சோயாக் காய்களை உரித்தபடி.

"என் மெட்டைப் போடவே இல்ல! பொண்ணு கப்பல் ஏறுறா, அப்பன் கரையில நிக்கறான். பின்னாடி என்ன கேக்குது? வெறும் எஞ்சின் சத்தம்!"

"எஞ்சின் நல்லாத்தானே வாசிச்சுது."

"உங்களுக்கு இன்னிக்குச் சாப்பாடு கிடையாது."

இப்படிப்பட்ட அனிமே தொடர்களுக்கு அவள் படம் பார்த்து இசை எழுதியதில்லை. படம் தயாராகும் முன்பே ஒலி இயக்குநர் கமோஷிதாவிடமிருந்து பட்டியல் வந்துவிடும். 'அன்றாடம் ஒன்று', 'அன்றாடம் இரண்டு', 'லேசான சந்தேகம்', 'மழையில் ஓட்டம்' என்று நாற்பது வரி. வரிக்கொரு மெட்டு போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. எதை எங்கே வைப்பது என்பது கமோஷிதாவின் பாடு. இந்த முறை இருபத்தேழாம் வரி இப்படி இருந்தது: 'பிரிவு. அப்பா, மகள். அழுகை வேண்டாம்.'

இந்தத் தொழிலில் அவளுக்கு முப்பத்திரண்டு வருடம். இருபத்திரண்டு வயதில் ஒசாகாவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சேர்ந்தாள். மீன்பிடி விளையாட்டு ஒன்றில், தூண்டிலில் மீன் சிக்கும்போது வரும் நான்கு வினாடி இசை அவளுடையது. பள்ளிப் பிள்ளைகள் தெருவெல்லாம் அதை முணுமுணுத்தார்கள். திரையில் அவள் பெயர் மட்டும் 'ஊறுகாய்' என்று வந்தது. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போகாமலிருக்க அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். சொந்தப் பெயர் திரையேற எட்டு வருடம் ஆயிற்று. அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. எழுதிய மெட்டு பயன்படாமல் போவதும் புதிதல்ல.

ஆனால் இருபத்தேழு வேறு விஷயம். போன மார்ச்சில் அவள் மகள் சப்போரோவுக்கு வேலைக்குக் கிளம்பினாள். விமான நிலையத்தில் இருவரும் சிரித்தபடி கையாட்டினார்கள். திரும்பி வரும் ரயிலில் நாகிசாவின் மனதில் முளைத்த மெட்டு அது. தொடரில் இன்னும் ஒரே ஒரு வாரம்தான் பாக்கி. அதிலும் இடம் கிடைக்காவிட்டால் எந்தக் காட்சியோடும் ஒட்டாமல் அது தனியாக நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை, கடைசி வாரத்துக்கு ஒலி சேர்க்கும் ஸ்டூடியோவுக்கே போய்விட்டாள். கையில் ஒரு பெட்டி நிறைய மீன் வடிவ இனிப்பு அப்பம்.

"வாங்க சென்செய்!" ஆசிரியருக்குரிய மரியாதைச் சொல்லால் அழைத்தபடி கமோஷிதா நாற்காலியோடு சுழன்று திரும்பினார். "இருபது வருஷமா எட்டிக்கூடப் பாக்கல. இன்னிக்கு அப்பத்தோட வந்திருக்கீங்க. யாரைக் கொல்லப் போறீங்க?"

"உங்களைத்தான். சாப்பிட்டுட்டுச் சாகுங்க. இருபத்தேழு என்ன பாவம் பண்ணிச்சு?"

அவர் ஒரு அப்பத்தின் தலையைக் கடித்தார். "பட்டியல்ல நான் என்ன எழுதினேன்?"

"அழுகை வேண்டாம்."

"நீங்க என்ன பண்ணினீங்க? அதைக் கேட்டு நான் கார்ல அழுதேன். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி, 'ஐயா, உடம்புக்கு ஏதாவதா?'ன்னு கேட்டான். அதைக் கப்பல் காட்சியில போட்டா என்ன ஆகும்? ஏற்கெனவே அழுறவனைப் பிடிச்சுக் கிள்ளின மாதிரி இருக்கும்."

நாகிசா கேட்டாள்: "அப்ப, குப்பைதானா?"

"உக்காருங்க. பதினோரு வாரமா எந்தக் காட்சிக்கும் குடுக்காமப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்."

திரையில் அந்த அப்பா. மகள் போய் மூன்று நாள். அடுப்படியில் ஏதோ யோசனையில் இரண்டு கிண்ணங்களை எடுத்து வைக்கிறார். இரண்டிலும் சோறு போடப் போய் நின்றுவிடுகிறார். ஒரு கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார். கிண்ணங்கள் வந்தபோதே பியானோ தொடங்கிவிட்டது. இருபத்தேழேதான். வயலின் கூட்டத்தை எடுத்துவிட்டு வெறும் பியானோவை மட்டும் வைத்திருந்தார் கமோஷிதா.

நாகிசா அசையாமல் பார்த்தாள்.

"நாப்பத்திரண்டு வினாடி," என்றார் அவர் மெல்ல. "ரெண்டே கால் நிமிஷ மெட்டை வெட்டிட்டேன். திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க."

"இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினார். பாதியில் அவள் கையைத் தூக்கினாள். "சீக்கிரம் ஆரம்பிக்குது. கிண்ணத்தை அலமாரியில வைக்கிற சத்தம் கேக்கட்டும். அதுக்கப்புறம் பியானோ வரட்டும்."

கமோஷிதா அப்பத்தைக் கீழே வைத்தார். "சென்செய், அப்படிப் பண்ணினா உங்களுக்கு இருபத்தெட்டு வினாடிதான் மிஞ்சும்."

"தாராளம்."

அவர் கணினியில் இசை தொடங்கும் இடத்தை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். கிண்ணம் மரத்தில் 'டொக்'கென்று உட்கார்ந்தது. அதற்குப் பின் முதல் ஸ்வரம். இருபத்தெட்டு வினாடி முடிந்தது. பின்வரிசையில் ஒலிப்பொறியாளர் மூக்கை உறிஞ்சினார்.

"பாத்தீங்களா, அழுகை வேண்டாம்னு எழுதியிருந்தேனே!" என்றார் கமோஷிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எழுதின நீங்களே அதைக் கேக்கலையே," என்று சிரித்த நாகிசா, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனக்கும் ஒரு அப்பம் எடுத்துக்கொண்டாள்.