ஷௌக்கியின் மச்சம் கன்னம் மாறிய வரலாறு

ஷௌக்கியின் இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்துக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவர் மொலோகியாக் கீரைக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது. ரொட்டியும் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியது. அவர் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதிரே டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி இன்ஷிராஹ் மட்டும் பார்த்துவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, பெருமை. ஒருவழியாக முகச்சாயல் கூடிவந்துவிட்டது.

அலெக்சாந்திரியாவின் முஹர்ரம் பே பகுதியில் அவரவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. இன்ஷிராஹுக்கு எண்ணெய் வண்ண ஓவியம், அதுவும் கண்ணாடித் திரையில். பேனாவை அழுத்தினால் தூரிகையின் மயிர்த்தடம் விழும். ஈரச் சிவப்பின்மேல் ஈர மஞ்சளை இழுத்தால் இரண்டும் குழையும். கையில் மட்டும் எதுவும் ஒட்டாது, ஆனாலும் அவள் விரலை அங்கியில் துடைத்துக்கொள்வாள். மாதக்கணக்காகக் கணவரையே வரைந்தாள். அசையாமல் உட்காருவது ஓய்வுபெற்ற சுங்க அதிகாரிக்குக் கைவந்த கலை. முதலில் அவர் அவித்த உருளைக்கிழங்காக வந்தார், பிறகு அடுத்த தெரு இறைச்சிக்கடைக்காரராக வந்தார். கண் பழகிப்போனால் படத்தை இடவலமாகத் திருப்பு, தப்பு தானாகத் தெரியும் என்று காணொளியில் பாடம் நடத்துகிற பெண் சொல்லியிருந்தாள். இத்தனை நாளும் படம்தான் திரும்பியது. சாயல் விழுந்த அன்று ஆளும் திரும்பிவிட்டார்.

மறுபடி திருப்பினால் முடிந்தது கதை. ஆனால் அன்று மாலையே ஷௌக்கி காப்பிக்கடையில் இடக்கையால் பகடை உருட்டி, வருடக்கணக்காகத் தன்னைக் கேலி செய்தவர்களைத் தாவ்லா ஆட்டத்தில் மண்ணைக் கவ்வவைத்தார். இன்ஷிராஹ் ஒருமுறை சொல்லாமல் திருப்பிப் பார்த்தாள். தோற்று வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. பாவமாகிப்போய் மீண்டும் திருப்பினாள்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை மகள் ரிஹாமுக்கு நிக்காஹ். பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையும் வலக்கை கோக்க, மேலே வெள்ளைக் கைக்குட்டை போர்த்த வேண்டும். ஷௌக்கி எல்லாவற்றுக்கும் இடக்கையை நீட்டுகிற செய்தி மாப்பிள்ளையின் அப்பா ஹாஜ் புர்ஹாமியின் காதுக்கு எட்டியது. "இடக்கையால குடுக்குற பொண்ணு எங்க வீட்டுக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை தாமிருக்காகவே மற்ற வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள் ரிஹாம். அவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

இன்ஷிராஹ் படத்தின் கதையைச் சொல்லி, திருப்பிவிடட்டுமா என்று கணவரிடம் கெஞ்சினாள். "நாலு நாள் ஜெயிச்சா உனக்குப் பொறுக்கலியா? கைய மாத்துனா நான் நிக்காஹுக்கே வரல" என்றார் அவர்.

குளியலறைக்குள்ளிருந்து ரிஹாமின் குரல் வந்தது. "அப்பாவ மாத்த முடியாதுன்னா அவங்கள மாத்தும்மா."

தாமிர் சுலபமான முகம். ஷர்பத் குடிக்க வந்தவனை ஒரே அமர்வில் வரைந்து முடித்தாள். திருப்பியதும் கைக்கடிகாரம் மணிக்கட்டு மாறியது, அவன் அதில் மணி பார்த்துவிட்டுக் கிளம்பினான். ஹாஜ் புர்ஹாமிதான் பிடி கொடுக்கவில்லை. சமாதானம் பேசும் சாக்கில் அவர் வீட்டுக்கே போய் முகத்தை அளந்து வந்தாள். புருவத்தை நெரித்தாள், நெற்றியை இருட்டாக்கினாள். படம் திரும்பியது, மனிதர் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கைகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் கைக்குட்டை என்று ஹாஜ் புர்ஹாமி முன்வரிசையில் ஜெபமாலையோடு காத்திருந்தார். இன்ஷிராஹ் பெண்கள் பக்கம் உட்கார்ந்து இன்னும் அவர் நெற்றியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

மணக்கோலத்தில் இருந்த ரிஹாம் குனிந்து பார்த்தாள். "அவரு கோவக்காரர் இல்லம்மா. பல்செட்டு கடிக்குது. தாமிர்தான் சொன்னாரு."

இன்ஷிராஹ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பாவம், வலியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர். அவளுக்கு வெட்கமாக இருந்தது. புருவத்தைத் தளர்த்திவிட்டு, உதட்டோரத்தில் ஈர ரோஜா நிறத்தோடு கொஞ்சம் சாம்பலைக் குழைத்தாள். திருப்பினாள்.

ஜெபமாலை கைமாறியது. திரும்பிய தாடையில் பல்செட்டும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஹாஜ் புர்ஹாமி முதன்முறையாகச் சிரித்தார். இடக்கைகள் இரண்டும் கோத்திருப்பதை எட்டிப் பார்த்து, "ம், சரியாத்தான் இருக்கு. ஆரம்பிங்க" என்றார். சம்பந்திகள் இருவருக்கும் சம்மதம் என்றால் தனக்கென்ன என்று நிக்காஹ் நடத்துபவர் கைக்குட்டையைப் போர்த்தினார்.

கல்யாணப் புகைப்படம் வந்தபோது உறவினர்கள் புகைப்படக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள், இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார் என்று. அவரும் மன்னிப்புக் கேட்டார். பின்சுவரில் மண்டபத்தின் பெயர் நேராகத்தான் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

பிறகு ஷௌக்கி இடக்கையாலும் தோற்க ஆரம்பித்தார், இனி திருப்பிக்கொள் என்று அவரே சொன்னார். இன்ஷிராஹ் மாட்டேன் என்றுவிட்டாள். மாடியில் தேநீர் குடிக்கும்போது அவர் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம்தான் உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மச்சம் அண்டைவீட்டுக்காரர்களுக்குத்தான் தெரிந்தது. இப்போது அவளுக்குத் தெரிகிறது.